தரிசு என்று எழுதுமுன்

மே மாத இறுதியில் பழைய தில்லியின் தெருக்களில் நடப்போர், கைவண்டிகளில் குவித்து வைக்கப்பட்டிருக்கும் ஒரு சிறு பழத்தைக் கண்டிருக்கக்கூடும். அளவில் வேப்பம்பழத்தை ஒத்தது, பொன்மஞ்சள் நிறம், மிகுந்த இனிப்பு, தின்று முடித்தபின் உதடுகளில் பால் ஒட்டிக்கொண்டு நெடுநேரம் விலகாது. இந்தியில் அதனைக் ‘கிர்னி’ என்பர். சென்ற கோடையில் தரியாகஞ்சில் அதனை வாங்கி அலுவலகத்திற்கு எடுத்துச் சென்றோம். மதிய உணவு வேளையில் பொட்டலத்தைப் பிரித்ததும், வேதாரண்யத்தைச் சேர்ந்த இளம் அலுவலர் ஒருவர் வியப்புடன் எழுந்து வந்தார். “சார், இது எங்கள் ஊர்ப் பாலைப்பழம்! கோடியக்கரைக் காட்டில் பொறுக்கித் தின்றிருக்கிறோம்” என்றார்.

அவர் கூறியது முற்றிலும் சரி. தில்லியின் பழைய தர்காக்களின் அருகே முதிர்ந்து நிற்கும் கிர்னியும், வங்கக் கடலோரத்தில் உப்புக்காற்றைத் தாங்கி நிற்கும் பாலையும் ஒரே மரம். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட இடைவெளியில் இரு பெயர்களுடன் வாழும் அம்மரமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. எனினும் நாம் சொல்லவிருப்பது பழத்தைப் பற்றியன்று. நிலத்தைப் பற்றியும், வங்கிக் கோப்புகளில் அந்நிலத்திற்கு நாம் இடும் பெயரைப் பற்றியும் ஆகும்.

கோடியக்கரை எங்கே உள்ளது என்பதைப் ‘பொன்னியின் செல்வன்’ படித்த வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேதாரண்யத்திற்குத் தெற்கே, வடக்கிலிருந்து இறங்கிவரும் சோழமண்டலக் கடற்கரை சட்டென்று மேற்கே மடங்கும் முனையில் அது அமைந்துள்ளது. ஒரு பக்கம் வங்கக் கடல். மறுபக்கம் பாக் நீரிணை. சுந்தரர் இங்குள்ள குழகர் கோயிலுக்கு வந்தபோது, கடலோரக் காட்டில் இறைவன் துணையின்றித் தனித்திருக்கிறானே என்று இரங்கிப் பாடினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் அங்கே காடு இருந்தது என்பதற்குத் தேவாரத்தைவிடச் சிறந்த சான்று வேண்டுமோ!

அக்காடு மலைக்காடுகளைப் போல் ஓங்கி உயர்ந்ததன்று. ஆண்டின் பெரும்பகுதி மழையின்றிக் கிடந்து, வடகிழக்குப் பருவமழையில் மட்டுமே நனைந்து, ஆயினும் இலை உதிர்க்காமல் பசுமை காக்கும் உலர் பசுமைமாறாக் காடு அது. இந்தியாவில் இவ்வகைக் காடு பெரும்பாலும் கீழைக் கடற்கரையோரத்தில் துண்டு துண்டாகவே எஞ்சியுள்ளது. மணல்மேடுகளின்மீது பாலை, நாவல், காயா, முள் நிறைந்த காரை, சங்கஞ்செடி ஆகியவை ஒன்றையொன்று பின்னி வளர்கின்றன. சங்கப் பாடல்களின் பாலைத் திணையில் இடம்பெறும் உகாய் இங்கு உண்டு. தில்லிப் பகுதியிலும் ‘பீலு’ என்ற பெயரில் உண்டு. பல் துலக்கும் மிஸ்வாக் குச்சி அதன் வேரிலிருந்தும் கிளையிலிருந்தும் கிடைப்பதே. இக்காட்டின் மூலிகைகளைத் தேடிச் சித்த மருத்துவர்கள் நெடுங்காலமாக வந்து செல்கின்றனர்.

காட்டை ஒட்டிப் புல்வெளி. புல்வெளியை அடுத்துச் சதுப்பு. இம்மூன்றும் சேர்ந்ததே கோடியக்கரை. 1967 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அரசு இதனைச் சரணாலயமாக அறிவித்தபோது முதன்மையாகக் கருதியது காட்டையன்று, புல்வெளியில் வாழும் ஒரு மானையே.

அம்மானுக்குத் தமிழர் இட்ட பெயர் வெளிமான். எத்துணைப் பொருத்தமான பெயர்! வெளியில் வாழ்வது, வெளியின்றி வாழ முடியாதது. முறுக்கிய கொம்பும் கருத்த முதுகும் வெண்ணிற வயிறும் உடைய கலைமானும், கொம்பற்ற இளம்பழுப்பு நிறப் பிணைமான்களும் கூட்டமாகப் புல் மேய்வதை அங்கு இன்றும் காணலாம். புலியைப் போல் புதரில் மறைந்து வாழும் இயல்பு அதற்கில்லை. தொலைவில் வரும் ஆபத்தைக் கண்ணாற் கண்டு, காலால் ஓடிப் பிழைப்பதே அதன் வாழ்க்கை முறை. ஆகவே பார்வையை மறைக்கும் ஒவ்வொரு புதரும் அதற்குக் கேடு.

சதுப்பின் கதை வேறு. மழைக்காலத்தில் நன்னீர் வந்து சேர்ந்து உவர்ப்புத் தணியும். கோடையில் நீர் வற்றி, வெண்ணிற உப்புப் படலம் கண்ணைக் கூசச் செய்யும். கோடையில் அங்குச் செல்பவர் அதனைப் பாழ்நிலம் என்றே எண்ணுவர். நாமும் முதன்முறை அவ்வாறே எண்ணினோம். அதே இடத்திற்கு மார்கழியில் சென்றால், கணுக்கால் அளவு நீரில் பூநாரைகள் இளஞ்சிவப்புக் கோடாக நிற்கும். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, சேற்று நீரை உறிஞ்சி வடிகட்டி, நுண்பாசிகளையும் சிறு இறால் வகை உயிர்களையும் அவை உண்கின்றன. அவ்வுணவிலிருந்தே அவற்றின் சிவப்பும் வருகிறது. கூழைக்கடா, கரண்டிவாயன், ஆலா, கடற்காகம் எனக் கண்ணுக்கு எளிதிற் புலப்படும் பறவைகளைக் காட்டிலும் நம்மை வியக்கச் செய்தவை, சேற்றின் நிறத்திலேயே இருந்து சேற்றோடு ஓடித்திரியும் கொசு உள்ளான்கள். ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் அப்பறவை, வடதுருவத்தை ஒட்டிய சைபீரியச் சமவெளியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்க இங்கு வருகிறது. சாலிம் அலியும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினரும் பறவைகளின் கால்களில் வளையமிட்டு ஆராய இம்முனையைத் தேர்ந்தெடுத்ததன் காரணம் இதுவே.

2002 ஆம் ஆண்டு ஆகஸ்டில் இச்சரணாலயமும், அதனை அடுத்த வேதாரண்யம் சதுப்பும், முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகளும் சேர்த்து, 38,500 ஹெக்டேர் பரப்பு ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் இடம்பெற்றது. ஈரானின் ராம்சார் நகரில் 1971 இல் கையெழுத்தான அவ்வுடன்படிக்கை, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் காப்பதற்கானது. அதன் பின்னர் ஏறத்தாழ 20 ஆண்டுகள் தமிழ்நாட்டிலிருந்து அப்பட்டியலில் இருந்த ஒரே பெயர் இதுதான்.

இத்தகைய நிலத்தை ஒரு வங்கி எவ்வாறு பார்க்கிறது? இங்குதான் நம் கட்டுரையின் கசப்பான பகுதி தொடங்குகிறது.

நாம் பணியிற் சேர்ந்த புதிதில் கடலோரக் கிளை ஒன்றில் சில காலம் இருந்தோம். அக்கிளையின் பெயர் இங்கு வேண்டா. இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில், சிவப்பு நாடா கட்டிய பழைய கோப்புகள் அடுக்கப்பட்டிருந்தன. அவை அனைத்தும் 1990களின் தொடக்கத்தில் வழங்கப்பட்ட இறால் பண்ணைக் கடன்கள், அனைத்தும் வாராக்கடன்கள். அவற்றைப் படித்துச் சுருக்கம் எழுதுவது புதிய அலுவலரான நமக்கு இடப்பட்ட பணி. ஒவ்வொரு கோப்பிலும் ஒரு மதிப்பீட்டாளர் அறிக்கை இருந்தது. நில வகை என்ற கட்டத்தில், ஏறக்குறைய ஒரே கையெழுத்தில், ஒரே சொல்: தரிசு. சிலவற்றில் ‘உவர்த் தரிசு, பயனற்றது’. அதற்குக் கீழே, பண்ணை அமைந்தபின் நிலம் பெறப்போகும் மதிப்பு. அச்சொல்லை யாரும் மறுக்கவில்லை. மறுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. வணிகவியல் பட்டதாரியான நமக்கும் அன்று தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த ஆண்டுகளில் கீழைக் கடற்கரை முழுவதும் இறால் பண்ணைகள் பெருகின. 1994, 1995 ஆம் ஆண்டுகளில் வெண்புள்ளி நோய் பரவி, குளம் குளமாக இறால் மடிந்தது. பண்ணைகள் மூடப்பட்டன. கடன் வாங்கியோர் நொடித்தனர். உவர்நீர் கசிந்த அக்கம்பக்கத்து வயல்களிலும் குடிநீர்க் கிணறுகளிலும் உப்பு ஏறியதால், கடன் வாங்காதோரும் துன்புற்றனர். காந்தியவாதியான எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், தில்லியில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பளித்தது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துள், மரபு வழிப்பட்டவை நீங்கலான பண்ணைகளை அகற்ற வேண்டும். விளைநிலம், உப்பளம், அலையாத்திக் காடு, ஈரநிலம், கிராமப் பொதுநிலம் ஆகியவற்றை இறால் குளங்களாக மாற்றலாகாது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்பன அதன் சாரம். பின்னர் 2005 இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, ஓர் ஆணையத்தையும் அமைத்து, இத்தொழிலைப் பதிவுமுறைக்குள் கொண்டுவந்தது. இன்று முறையாகப் பதிவு செய்து, கழிவுநீரைச் சுத்திகரித்து, நாணயமாக இறால் வளர்ப்போர் பலர் நம் வாடிக்கையாளர்களாக உள்ளனர். அவர்களைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. நாம் குறைகூறுவது நம்மையே. அத்தீர்ப்பு கூறிய உண்மையை, தீர்ப்புக்கு முன்பே, ஒரு மார்கழி மாதக் காலையில் நிலத்தை நேரிற் சென்று பார்த்திருந்தால் நாம் அறிந்திருப்போம். களப்பார்வைகள் பெரும்பாலும் கோடையில், நிதியாண்டு தொடங்கியபின் நிகழ்ந்தன. கோடையில் சதுப்பு தரிசாகத்தான் தெரியும்.

சேறு வருவாய் தருமா என்று கேட்கும் வாசகர்களுக்கு ஒரு சொல். ஆண்டுதோறும் பிற ஊர்களிலிருந்து மீனவர்கள் கோடியக்கரைக்கு வந்து, குடிசையிட்டுத் தங்கி, பல மாதங்கள் மீன்பிடிக்கின்றனர். கடலில் அவர்கள் பிடிக்கும் மீன், இறால், நண்டு ஆகியவற்றுள் பல, இளம் பருவத்தை இச்சதுப்பிலும் முகத்துவாரங்களிலும் கழித்தவை. அந்த வருவாய் எந்தப் பேரேட்டிலும் சதுப்பின் கணக்கில் வரவு வைக்கப்படுவதில்லை என்பது மட்டுமே குறை.

மனிதர் கைபட்ட இடமெல்லாம் கெட்டது என்றும் நாம் கூறவில்லை. 1930 இல் இராஜாஜி தலைமையில் சத்தியாகிரகிகள் உப்பு அள்ளிய வேதாரண்யத்தில் இன்றும் உப்பளங்கள் உள்ளன. உப்பளங்களுக்குக் கடல்நீரைத் தேக்கும் பாத்திகளில் பூநாரைகள் இறங்கி மேய்கின்றன. உவர்ப்பு அளவுக்கு மிஞ்சினால் இரை அழியும், பறவையும் வராது. அளவோடு இருந்தால் இரண்டும் சேர்ந்து வாழும். இவ்வளவுதான் செய்தி.

இனித் தில்லிக்கு வருவோம். தரிசு என்னும் சொல்லுக்கு எதிர்ச்சொல்லாக நாம் கருதுவது பசுமை. அதுவும் நம்மை ஏமாற்றக்கூடியது என்பதற்குத் தலைநகரமே சான்று.

புது தில்லி கட்டப்பட்ட காலத்தில், ஆரவல்லித் தொடரின் வால்பகுதியாகிய ரிட்ஜ் குன்றுகள் பாறையும் முட்புதருமாகக் கிடப்பது ஆங்கிலேயர் கண்ணுக்கு உறுத்தியது. விரைவில் பசுமையாக்க எண்ணி அமெரிக்கக் கண்டத்து மரமொன்றை நட்டனர். தில்லியில் அதற்கு ‘விலாயதி கீக்கர்’ என்று பெயர். நம் ஊரில் சீமைக் கருவேலம். இரு மொழிகளும் அதன் அயற்பிறப்பைப் பெயரிலேயே குறித்து வைத்திருக்கின்றன! நட்டவர்களின் நோக்கம் நிறைவேறியது, குன்று பசுமையாயிற்று. ஆனால் அதன் கீழ் வேறெதுவும் எளிதில் முளைப்பதில்லை. விமானத்திலிருந்து பார்த்தால் காடு. உள்ளே நடந்தால் ஒரே மரம்.

அதே மரம் கோடியக்கரைப் புல்வெளியிலும் பரவியுள்ளது. அதன் இனிப்பான காய்களை மட்டக்குதிரைகளும் மான்களும் விரும்பி உண்கின்றன. சாணத்துடன் விதைகள் புல்வெளியெங்கும் விழுகின்றன. தன் வெளியை அடைக்கும் மரத்தை வெளிமானே விதைக்கும் நிலை. வனத்துறையினர் பகுதி பகுதியாக அதனை அகற்றி வருகின்றனர். 2018 நவம்பர் 16 அன்று கரையேறிய கஜா புயல், பாலை மரங்களை வேரோடு சாய்த்து, மான்களையும் குதிரைகளையும் கடலுக்கு இழுத்துச் சென்றது. அப்படித் திறந்து கிடக்கும் நிலத்தில் எது முதலில் முளைக்கும் என்பதை நாம் கூற வேண்டியதில்லை.

இம்மரத்தை இகழ்ந்து பேசும்போது இராமநாதபுரம் மாவட்டத்தில் அதனை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களை நினைக்காமல் இருக்க முடியாது. மழை பொய்த்த ஆண்டுகளில் அவர்களின் அடுப்பு எரிந்தது இம்மரத்தால்தான். ஆகவே ஒரே நாளில் இயந்திரத்தைக் கொண்டு வேரறுப்போம் என்னும் முழக்கத்தில் நமக்கு உடன்பாடில்லை. வெட்டிய இடத்தில் எதை வளர்ப்பது, பல ஆண்டுகள் யார் காப்பது என்ற இரண்டு வினாக்களுக்கும் விடையின்றி வெட்டினால், அதே மரம் அடுத்த மழையில் இரு மடங்காக எழும்.

விடை கண்ட இடம் ஒன்று நமக்கு அருகிலேயே உண்டு. வசீராபாத்தை அடுத்த ஜகத்பூரில், தில்லி வளர்ச்சி ஆணையமும் தில்லிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சி. ஆர். பாபுவின் குழுவினரும் 2002 இல் தொடங்கிய யமுனை உயிர்ப்பன்மைப் பூங்கா அது. வளம் குன்றிக் கிடந்த 457 ஏக்கர் ஆற்றங்கரை நிலத்தில் நீர்நிலைகளைத் தோண்டி, யமுனைக் கரைக்கே உரிய புற்களையும் மரங்களையும் தேடிக் கொணர்ந்து வளர்த்தனர். குளிர்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து வாத்துகள் வந்து இறங்குகின்றன. 2016 இல் ஒரு சிறுத்தையே வந்து தங்கிவிட்டது. மக்கள் அஞ்சியதால் அதனைப் பிடித்துச் சிவாலிக் காட்டில் விட்டனர். ஒரு நகரத்தின் எல்லைக்குள் சிறுத்தை தானே தேடிவந்து தங்கும் நிலம் 14 ஆண்டுகளில் உருவாயிற்று என்றால், அது விழா எடுத்து ஒரே நாளில் நட்ட மரங்களால் அன்று. சீமைக் கருவேலத்தையும் இக்குழுவினர் ஒரேயடியாகப் பிடுங்க வேண்டும் என்று கூறவில்லை; கிளைகளைக் கழித்து ஒளியை உள்ளே விட்டு, நாட்டு மரங்கள் தலையெடுத்தபின் அதனை ஓரங்கட்டலாம் என்பதே அவர்களின் வழி.

ஒவ்வொரு ஜூலை மாதத்திலும் வன மகோத்சவம் வருகிறது. 1950 இல் மத்திய அமைச்சர் கே. எம். முன்ஷி தொடங்கிய அவ்விழாவை நம்மைப் போன்ற நிறுவனங்களும் தவறாமல் கொண்டாடுகின்றன. பதாகை, மரக்கன்று, நிழற்படம், சுற்றறிக்கையில் எண்ணிக்கை. நட்ட கன்றுகளுள் அடுத்த கோடையைக் கண்டவை எத்தனை என்ற கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை. கடன் வழங்கிய எண்ணிக்கையை மட்டும் எழுதி, திரும்பி வந்த தவணையை எழுதாத ஒரு கிளை மேலாளரைத் தணிக்கையாளர் விட்டுவைப்பாரா? கன்றுகளுக்கு மட்டும் இச்சலுகை ஏன்?

நம் கருத்து இரண்டே. சமூக நலனுக்கென ஒதுக்கப்படும் தொகையில் ஒரு பங்கையேனும் நடுவதற்கன்றி அகற்றுவதற்கும் பேணுவதற்கும், அதுவும் மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளுக்குத் தொடர்ந்து, தர வேண்டும். புல்வெளியில் வேலை முடிந்ததும் நிழற்படம் எடுக்கத்தக்கதாக எதுவும் இராது. புல் மட்டுமே இருக்கும். அதனை ஏற்கும் துணிவு நம் தலைமையகங்களுக்கு வர வேண்டும். இரண்டாவது, கடலோரத்திலும் ஆற்றோரத்திலும் உள்ள நிலத்தின் பேரில் கடன் கேட்டு வரும்போது, மதிப்பீட்டாளர் அந்நிலத்தைக் கோடையில் ஒருமுறையும் மழைக்குப்பின் ஒருமுறையும் பார்த்து எழுத வேண்டும். கால தாமதம் ஆகும், வாடிக்கையாளர் வேறு வங்கிக்குச் சென்றுவிடுவார் என்று சக அலுவலர்கள் கூறுவர். நாமும் இலக்குகளுடன் வாழ்பவர்களே, அச்சம் புரியாமலில்லை. எனினும் அந்த இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டைப் பார்த்தவர்களுக்கு, ஆறு மாதத் தாமதம் பெரிதாகத் தோன்றாது.

இவ்வாண்டு விழாவிற்குக் கன்று வாங்கும் பொறுப்பு நம் பிரிவுக்கு வந்தது. அந்த வேதாரண்யத்து இளைஞருடன் நாற்றங்கால் ஒன்றிற்குச் சென்று கிர்னி கேட்டோம். “மிக மெதுவாக வளரும், யாரும் கேட்பதில்லை” என்று அங்கிருந்தவர் தயங்கினார். பின்பக்கத்துச் சுவரோரம் தேடி, தூசி படிந்த ஆறு கன்றுகளைக் கொண்டுவந்து வைத்தார். நூறு கன்றுகள் என்று சுற்றறிக்கை சொல்லியிருந்தது, ஆறுடன் திரும்பினோம். அலுவலகக் குடியிருப்பின் வளாகத்தில் அவை நடப்பட்டுள்ளன. ஞாயிறுதோறும் தண்ணீர் ஊற்றுவோரின் முறைப்பட்டியலை, வரும் மூன்று கோடைகளுக்கும் சேர்த்து, அவ்விளைஞர் எழுதி மின்தூக்கியின் அருகே ஒட்டியிருக்கிறார். முதல் பெயர் நம்முடையது.